வண்டி ஏறியாச்சு

பாளையங்கோட்டையில் என் சீனியர் வீட்டு கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கியது. ‘துண்டுப் பிரசுரம் போடாதீர். மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று மஞ்சளில் கறுப்பெழுத்து. வக்கீல் தொழிலுக்கு வந்து அவரிடம் ஜூனியராகச் சேர்ந்த முதல் நாள் என் கண்ணில் பட்டது அந்தப் பலகைதான். அதற்கு நேர் கீழே, கேட்டுக் கம்பிகளுக்கு நடுவில், ஒரு பாத்திரக்கடையின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் செருகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, “எந்தச் சட்டப்படி சார் நடவடிக்கை?” என்று கேட்டேன். “எந்தச் சட்டம்னு எனக்கே தெரியாதுலே. போடுதவனுக்கும் தெரியாது. அந்தத் தைரியத்துலதான பலகை தொங்குது” என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிற்பாடு ஒரு டியூஷன் சென்டர்க்காரன் பசை தடவி நோட்டீஸைப் பலகையின் மேலேயே ஒட்டிவிட்டுப் போனான். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து தானே சுரண்டித் துடைத்தார்.

வேண்டாதது வாசலுக்கு வந்தால் அவருக்குப் பொறுக்காது. கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான். காலையில் மெயிலைத் திறந்தால் லாட்டரிப் பரிசு, வழுக்கைக்கு மருந்து, ஈடில்லாக் கடன், எந்த நாட்டுத் தளபதியின் விதவையோ இவருக்கென்று ஒதுக்கிவைத்த சொத்து என்று வந்து குவிந்திருக்கும். ஊரில் எல்லாரும் அழித்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இவர் ஒவ்வொன்றுக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார். ‘இதைக் கண்ட பதினைந்து தினங்களுக்குள் தாங்கள் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரத் தவறினால்’ என்று முறைப்படி. பதில் போட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துபோகும், இன்னும் நாலு மடங்கு வரும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. நாலு மடங்கு வந்தது. அதற்கும் நோட்டீஸ் போனது.

போன் அழைப்பென்றால் ‘தொந்தரவு வேண்டாம்’ என்று பதிந்து வைக்கவாவது வழியிருக்கிறது; மெயிலுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை என்பது அவருக்குப் பெரிய குறை. தானே ஒரு மாதிரிச் சட்டம் எழுதி, தெரிந்த எம்.பி., தெரியாத எம்.பி. எல்லாருக்கும் அனுப்பினார். “அவங்களுக்கு இதுவும் வேண்டாத மெயில்தான சார்?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அனுப்புகிறவன் எந்தக் கண்டத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாதபோது சட்டம் யார் மேல் பாயும் என்பது என் வாதம். “ஏலே, பாயுதது பொறகு. எனக்கு வேண்டாம்னு ஒருத்தன் சொல்லுததுக்கு ஒரு எடம் வேணும்லா? அந்த எடத்தை எழுதி வைக்கதுதான் சட்டம்” என்பார். எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. கோர்ட்டில் நிற்காத வாதம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அவர் மனைவி மிஷன் பள்ளியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பிள்ளைகள் இல்லை. ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்கு முடித்துத் திரும்பும்போது சீனியர் வீட்டுக்குப் போன் செய்யமாட்டார், மெயில்தான் போடுவார். “பேசுனது காத்தோட போயிரும். எழுதுனது நிக்கும்” என்று அதற்கும் ஒரு நியாயம். எப்போதும் ஒரே வாசகம்: ‘வண்டி ஏறியாச்சு. காத்திராமல் சாப்பிடு. கேட்டைப் பூட்டாதே.’ நானும் சிலமுறை கூடவே வந்திருக்கிறேன். கேட்டு கிறீச்சிட்டதும் அடுப்படியிலிருந்து “வந்தாச்சா?” என்று டீச்சர் குரல் வரும். “வந்தாச்சு” என்று இவர் செருப்பைக் கழற்றுவார். அப்படி எழுதியும் டீச்சர் சாப்பிட்டிருக்கமாட்டார்.

ஒருநாள் அதே மூன்று வரியை அனுப்பிவிட்டு வண்டி ஏறியவர், கோவில்பட்டி தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறக்கும்போது உயிர் இல்லை. நான்தான் வீட்டுக்குச் சொல்லப் போனேன். கேட்டு திறந்தே இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவரிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. ‘நாளைக்கு வாய்தா. கேஸ் கட்டை மறந்துவிடாதே.’ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பிறகுதான் கீழே தொங்கிய நீல எழுத்து இணைப்பைப் பார்த்தேன். எவனோ அவர் கணக்குக்குள் புகுந்திருக்கிறான். புகுந்தது மனிதன்கூட இல்லை, ஏதோ ஒரு நிரல். ஒவ்வொருவருக்கும் அவர் கடைசியாக எழுதியதை எடுத்து, அடியில் தன் தூண்டிலைக் கட்டி அனுப்புகிறது. அப்படியென்றால் டீச்சருக்கு என்ன போயிருக்கும் என்று நினைக்கும்போதே போன் அடித்தது. “தம்பி, அவிய வண்டி ஏறிட்டாவளாம்” என்றார் டீச்சர். அழுகிற குரலும் இல்லை, சிரிக்கிற குரலும் இல்லை.

அதன்பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு தவறாமல் வந்தது. அனுப்புகிறவரைத் தடுத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, நான் வந்து அழுத்திவிடுகிறேன் என்றேன். “அவிய பேரையா தடுக்கச் சொல்லுதீய?” என்று கேட்டார். இன்னொருநாள் அவரே சொன்னார்: “எங்க ஊரு ஏரல்ல சொல்லுவாவ தம்பி, பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாந்தரத்துக்குத்தான் கொரல் குடுக்கணும்னு. பேய் மூணாந்தரம் கூப்பிடாதாம். இது நிறுத்தமாட்டேங்குதே. எனக்குத் தெரியும், அவிய இல்ல. ஆனா வண்டி ஏறியாச்சுன்னு பாத்துட்டா, கேட்டைப் பூட்டக் கை வரமாட்டேங்கு. சட்டம் கிட்டம்னு இருந்தா இதை நிப்பாட்டிக் குடுங்க.”

சைபர் குற்றப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டு, புகாரைத் தானே எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பேனா ஓரிடத்தில் நின்றது. ‘மேற்படி மின்னஞ்சல்களை அனுப்பிவரும் அடையாளம் தெரியாத நபர்.’ வேறெப்படி எழுத முடியும்? எதிரி என்று ஒருவன் இல்லாமல் வழக்கு நிற்காது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். “ஏம்மா, அதுல இருக்க ஒவ்வொரு சொல்லும் அவிய சொல்லு. இத்தன வருஷம் கூட இருந்துட்டு, அடையாளம் தெரியாதுன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?” என்றார். டீச்சர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டம் பாய ஆள் கிடைக்காது என்று வாதாடியவன் நான். வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றவர் சீனியர். இடம் இருந்தது, அங்கே நின்று சொல்லத்தான் டீச்சரால் முடியவில்லை.

எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. டீச்சரிடம் கேட்டு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி அந்த மெயில் கம்பெனிக்கு அனுப்பினேன். ‘தங்கள் கடிதம் பெறப்பட்டது. இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி அதுவே வந்தது. சீனியரைப்போல நானும் ஒரு இயந்திரத்துக்கு நோட்டீஸ் விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள் கணக்கை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. எந்தச் சட்டமும் எவன் மேலும் பாயவில்லை. எங்கோ ஒரு கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பெரிய வழக்கை ஜெயித்த மிதப்பில் டீச்சருக்குப் போன் செய்தேன். “இனி வராதா?” என்றார். வராது என்றேன். “ஒண்ணுகூடவா?” என்றார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கேட்டில் பலகையைக் காணோம். நாலு திருகாணித் துளையும், வெயில் படாமல் பச்சைப் பெயின்ட் மங்காத ஒரு கட்டமும் மட்டும் இருந்தன. உள்ளே வாசல் முழுக்க நோட்டீஸ்: பேட்டையில் மரச்சாமான் விற்பனை, நீட் பயிற்சி, புதுப் பிரியாணிக் கடை. குனிந்து பொறுக்கப் போனேன். “கெடக்கட்டும் தம்பி. நாந்தான் பலகையைக் கழட்டச் சொன்னேன். போடுதவன் வந்து போட்டுட்டுப் போறான். கேட்டுச் சத்தமாவது கேக்கட்டுமே” என்றார் டீச்சர். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வந்தபிறகுதான் ஹெல்மெட்டை அங்கேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப்போய் கேட்டைத் தள்ளினேன். கிறீச்சிட்டது.

“வந்தாச்சா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

நான்தான் டீச்சர் என்று சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டேன். கேட்டில் வைத்த கை வைத்தபடி நின்றேன். பாத்திரச் சத்தம் நின்றது. “வந்தாச்சா?” என்று இரண்டாந்தரமும் கேட்டார். அவர் மூன்றாந்தரம் கேட்பதற்குள் கேட்டைப் பைய சாத்திவிட்டு, ஹெல்மெட் இல்லாமலே, வண்டியைச் சத்தமில்லாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன்.