ஊரார் ரத்தமும் உச்சி வெயிலும்

போன வருஷம் தும்மியதில் எனக்கு விலா எலும்பு விரிசல் விட்டது. மாடியிலிருந்து விழுந்தேன், லாரி இடித்தது என்று சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால் ஒரு கௌரவமாவது மிஞ்சியிருக்கும். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தார்கள், நான் தும்மினேன், அவ்வளவுதான்.

எனக்குத் தலசீமியா. என் உடம்புக்கு ஒழுங்காக ரத்தம் செய்துகொள்ளத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து, யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வருவேன். அது பழகிப்போன சமாச்சாரம். எலும்பு விவகாரம்தான் புதிது. டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி தரைதட்டிக் கிடக்கிறது என்றார். ஏற்றிய ரத்தத்திலிருக்கும் இரும்பு வருஷக்கணக்கில் ஈரலில் படிந்து, அந்த வைட்டமினைப் பக்குவம் செய்கிற வேலையைக் கெடுத்துவிடுமாம். உள்ளே இரும்பு குவிந்து கிடக்கிறது, எலும்பு மட்டும் பஞ்சு.

"வெயில்ல நிக்கிறதே இல்லையா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லைதான். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்து, வெயில் பற்றாக்குறையால் நோய்ப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

வாரம் ஒரு மாத்திரை, தினமும் பதினோரு மணி வாக்கில் கொஞ்ச நேரம் வெயில் என்று எழுதிக் கொடுத்தார். எலும்பு தேறும்வரை எதையும் தூக்கக் கூடாது என்றார். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளைக்கு என் நோய் வராது என்று கல்யாணத்துக்கு முன்பே அவள் ரத்தத்தைச் சோதித்துத் தெரிந்துகொண்டிருந்தோம். அந்தப் பயம் இல்லை.

"கொழந்தையத் தூக்கலாமா?" என்று கேட்டேன்.

"அப்ப பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற அப்பனாகிவிடுவேனோ?

சரி, வெயிலில் நிற்பதென்ன பெரிய வித்தையா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் பெரிய வித்தைதான். வெயிலில் நின்றால் ரத்தம் சுண்டிவிடும் என்பது என் அம்மாவின் சித்தாந்தம். அதனால் சிறுவயதிலிருந்தே எனக்கு நிழல் வைத்தியம். அம்மாவைக்கூடச் சமாளித்துவிடலாம். என் பேரைச் சொல்லி ரத்தம் கொடுத்த தெருவை என்ன செய்வது? ஆட்டோ ஓட்டுபவர், துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், பேருந்து நடத்துநர் என்று பாதித் தெரு ரத்த வங்கியில் கையை நீட்டியிருக்கிறது. நீங்கள் கொடுத்தது வேறு யாருக்கோ போகும், எனக்கு வருவது வேறு யாரோ கொடுத்தது என்று பலமுறை விளக்கிவிட்டேன். யார் கேட்கிறார்கள்? எங்கள் கீழ்வீட்டு ஆட்டோ அண்ணன் என் குரூப்பே இல்லை. சொன்னால், "குரூப்பு இன்னா நைனா குரூப்பு, மன்சுதான் முக்கியம்" என்பார்.

முதல் நாள் பதினோரு மணிக்குத் தெருமுனையில் போய் நின்றேன். மீன் விற்கும் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாடா மொட்ட வெயில்ல நின்னுகினு கீற? வூட்ல சண்டையா?"

பதில் சொல்வதற்குள் முந்தானையை என் தலைமேல் பிடித்தார். கவிச்சி வாடையோடு நிழல் வந்து விழுந்தது. அதற்குள் அண்ணனின் ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறு வண்டில. அது இன்னா ஒன் ரத்தமா, நீ பாட்டுக்குக் காய வெக்கிறதுக்கு? என் ரத்தம்!"

மறுநாள் தேநீர்க் கடைக்காரர் குடை கொடுத்தனுப்பினார். அதற்கு மறுநாள் மொட்டைமாடிக்குத் தப்பி ஓடினேன். அங்கே அம்மா ஈரத் துண்டோடு ஏறி வந்து என் தலையில் போட்டார். தெருவே என்மேல் இவ்வளவு பாசமாக இருந்ததில் எனக்குக் கொலைவெறி வந்தது.

இப்படியே சில வாரம் ஓடியது. ஒரு நாள் ஆட்டோ அண்ணன் மறுபடியும் என் கையைப் பிடித்து இழுத்தபோது நடுத்தெருவில் கத்திவிட்டேன்.

"உடுண்ணே! இந்த வெயிலு இல்லாங்காட்டி என் எலும்பு ஒடிஞ்சிடும். எனக்குப் பொறக்கப் போற கொயந்தய என்னால தூக்க முடியாது. நீங்கல்லாம் தூக்கிக் காட்டுவீங்க, நான் பார்த்துகினு குந்தினு இருக்கணுமா?"

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. மானமே போயிற்று. மீன் அக்கா கூடையைத் திரும்பவும் இறக்கினார். அண்ணன் என் கையை விட்டார்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனுக்கு?" என்றார், எரிச்சலாக.

அடுத்த நாளிலிருந்து பேஜாரு வேறு மாதிரி ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் தாமதித்தால் கீழிருந்து ஆட்டோ ஹாரன் அலறும். நான் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே பில் போட்டுக் கொடுக்கிறவன். பாதிக் கணக்கில் எழுந்து ஓடுவேன். மொட்டைமாடியில் மீன் அக்கா கருவாட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு சாக்கு விரித்துவைத்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். கருவாட்டைத் திருப்பிப் போடும்போது, "நீயும் அந்தாண்ட திரும்பு" என்பார். சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் காக்காயாவது ஓட்டு என்று கையில் கம்பு கொடுத்தார். மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாக என் மனைவி வாய்தவறி உளறிவிட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் யார் வீட்டிலிருந்தாவது கறிக்குழம்பு வந்தது. அம்மா மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து, "சுண்டுது, புள்ள சுண்டுது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஈரத் துண்டு வரவில்லை.

என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது எனக்கு மறுபடியும் சோதனை. டாக்டரம்மா தாளைப் பார்த்து, பிறகு கறுத்துப்போயிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். எலும்பு முழுதாகத் தேற இன்னும் நாளாகும், ஆனால் வைட்டமின் ஏறியிருக்கிறது என்றார்.

"கொழந்தையத் தூக்கலாம். கேஸ் சிலிண்டரத் தூக்கக் கூடாது."

வீட்டில் சிலிண்டர் தூக்குவது எப்போதும் என் மனைவிதான். ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ அண்ணன்தான் அழைத்து வந்தார். பள்ளம் மேடு ஒவ்வொன்றுக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில், பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரர்கள் எங்கள் வம்சத்தையே வாழ்த்தினார்கள். வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. ரத்தம் குறைந்து தலை சுற்றிய நாட்களில் என்னை அந்தப் படிகளில் தூக்கிப் போகாதவர் அந்தக் கூட்டத்தில் யாருமில்லை. பழக்கதோஷம், எல்லோரும் கையை நீட்டினார்கள்.

"குடு நைனா, நான் தூக்கினு வரேன்" என்றார் அண்ணன்.

என் மனைவி ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உடுங்கண்ணா. அவரே தூக்கினு வருவாரு."

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். மூச்சு வாங்க ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். நான் நிற்கும்போதெல்லாம் தெருவே எனக்குப் பின்னால் படிகளில் நின்றது. ஒருவரும் கை கொடுக்கவில்லை.