கடைசித் தொட்டியின் மீன்கள்

1. கடைசித் தொட்டியில் இருந்த ஜிலேபி மீன்களில் ஒன்று, வெளிநாட்டு ஆடிட்டர் குனிந்த நேரம் பார்த்து மேலே வந்தது.

2. இவை எல்லாம் எங்கள் சுத்திகரித்த நீரிலேயே பிறந்து வளர்ந்தவை என்று முதலாளி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

3. அந்த மீனின் மேலுதட்டில் ஒரு கிழிசல் இருந்தது. காயம் ஆறவில்லை.

4. ஆடிட்டர் தன் ஊரில் விடுமுறை கிடைத்தால் தூண்டிலோடு ஆற்றுக்குப் போகிறவர். இது எங்களில் யாருக்கும் தெரியாது.

5. “இதைத் தூண்டில் போட்டுப் பிடித்தது யார்?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் மேனேஜர் கையைத் தூக்கிவிட்டார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதைப் போல.

இப்படி வரிசையாக எழுதுவது என் தொழில் பழக்கம். ஆய்வகத்தில் ஏதாவது தவறினால் முதலில் நடந்ததை எழுத வேண்டும், காரணத்தைப் பிறகு எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். நான் பிறந்து படித்ததெல்லாம் இங்கேதான். மேனேஜர் மங்கலத்துக்காரர், நெசவுக் குடும்பம். மோட்டார்களும் குழாய்களும் ஆட்களும் அவர் பொறுப்பு, நீரைச் சோதிப்பது என் பொறுப்பு. துணிக்குச் சாயம் ஏற்றிய கழிவு நீர் எங்களிடம் வரும். நிறத்தை எடுத்து, சேற்றைப் பிரித்து, பிறகு உப்பையும் பிரித்து, தெளிந்த நீரை மறுபடியும் சாயம் போடவே அனுப்புவோம். வெளியே ஒரு சொட்டும் போகக் கூடாது. நான் சேர்ந்த பிறகு போனதும் இல்லை. அதை நான் கூசாமல் சொல்வேன். நான் கூசுவது தொட்டியைப் பற்றி.

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக நிலையத்தைப் பார்க்க வருகிற ஆடிட்டர்கள் சோதனை அறிக்கையைப் படிப்பார்கள், ஆனால் நம்புவது கண்ணால் காண்பதைத்தான் என்பது முதலாளியின் எண்ணம். அதனால் தெளிந்த நீர் வந்து சேரும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். சுற்றிக் காட்டும்போது கடைசியாக அங்கே கூட்டி வருவோம். மீன் நீந்தும், வந்தவர்கள் படம் எடுப்பார்கள், அடுத்தது டீ. இங்கே பல நிலையங்களில் இந்த ஏற்பாடு உண்டு. எங்கள் தொட்டியில் மட்டும் மீன்கள் நிலைக்கவில்லை. விட்ட கொஞ்ச நாளில் ஒன்றிரண்டாக மிதக்க ஆரம்பிக்கும். மேனேஜர் அவற்றை அள்ளி, வேப்ப மரத்தடியில் புதைத்துவிட்டு, அடுத்த ஆடிட்டுக்கு முந்திய நாள் நொய்யலுக்குப் போய்ப் புது மீன் பிடித்து வருவார். கடையில் வாங்கினால் கடை மீன் என்று தெரிந்துவிடும் என்று முதலாளி ஒப்பவில்லை. ஆற்றில் பிடிப்பது இலவசமாகவும் இயற்கையாகவும் இருந்தது.

மீன்கள் ஏன் சாகின்றன என்று நான்தான் கண்டுபிடித்தேன். எங்கள் நீரில் விஷம் எதுவும் இல்லை. உப்பே இல்லை, அதுதான் சிக்கல். மேனேஜர் மீன் பிடிப்பது நொய்யலின் மங்கலம் தடுப்பணையில்; அங்கே தேங்கும் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்த உப்பில் பிழைத்துப் பழகிய மீனை ஒரே நாளில் உப்பு நீக்கிய நீரில் விட்டால், அதன் உடம்பில் உள்ள உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும், தாங்காமல் செத்துவிடும். இதை நான் மேனேஜரிடம் விளக்கியபோது அவர் டிபன் டப்பாவைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

“அப்ப தண்ணி நல்லாருக்கறதுனாலதான் சாவுதுங்கறயா கண்ணு?”

“ஆமா சார்.”

“இத மொதலாளிகிட்டச் சொன்னம்னு வெய்யி, நம்ம ரெண்டு பேர்த்தையும் மண்டைக்கு வைத்தியம் பாக்கறவன்கிட்டக் கூட்டிட்டுப் போயிருவாரு.”

சிரித்தோம். முதலாளியிடம் சொல்லவில்லை. மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி விடலாம் என்று நான் சொன்னதற்கு, ஆடிட் வரும் செய்தியே முந்திய நாள்தான் வருகிறது என்றார். அதுவும் உண்மைதான். உண்மையிலேயே நல்ல நீரை வைத்துக்கொண்டு, அது நல்ல நீர் என்று காட்டுவதற்குப் பொய்யான மீனை விட்டுக்கொண்டிருந்தோம். இவ்வளவு வீணான பொய்யை வேறு எந்தத் தொழிலிலும் யாரும் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை.

அன்று மேனேஜர் கை தூக்கியதும் முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஆடிட்டர் கோபப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது. என்ன இரை, என்ன தக்கை என்று கேட்டார். மேனேஜர் ஓடிப்போய்த் தன் டிவிஎஸ் வண்டியின் பெட்டியிலிருந்து தூண்டிலை எடுத்து வந்தார். தக்கை, கீழே கிடந்த மயிலிறகின் காம்பு. அடிப்பக்கம் மட்டும் சாயப்பட்டறைச் சிவப்பில் தோய்த்திருந்தார். நீருக்குள் இருக்கும் வரை வெள்ளை முனைதான் தெரியும். மீன் இரையை மேல்நோக்கித் தூக்கினால் தக்கை படுத்துச் சிவப்பு தெரியும். ஆடிட்டர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, தன் ஊர் ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் என்று ஒரு மீன் உண்டு, வாய் சின்னது, சண்டை பெரியது என்றார். கல்லும் ஓட்டமும் தெளிவும் உள்ள தண்ணீரில்தான் அது இருக்கும்; அது இருக்கும் வரை தனக்கு வேறு சோதனை தேவையில்லை என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

“வாய் சின்னது, சண்டை பெருசுங்களா? அப்ப அது எங்க ஊட்டுக்காரம்மாளுங்க,” என்றார் மேனேஜர். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். ஆடிட்டர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு, பிடித்த மீனைத் தான் தின்பதில்லை, திரும்ப விட்டுவிடுவதாகச் சொன்னார். மேனேஜரும் உற்சாகமாக, “நாங்களும் அந்த மீனத் திங்கறதில்லீங்க,” என்றார். ஆடிட்டர் எட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவர் மீன் வாழட்டும் என்று தின்னாதவர். இன்னொருவர், தின்றால் தனக்கு என்ன ஆகுமோ என்று தின்னாதவர். அந்த இரண்டு கைகளும் குலுங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை.

மீன் பிடித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டார். முதலாளி முகத்தில் சிரிப்பு மாறாமலே தமிழில் சொன்னார்: “குண்டடத்துப் பக்கம் நம்ம சம்மந்தி தோட்டத்துல ஒரு குட்டை இருக்குதுங்க. தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்கும். அங்க கூட்டிட்டுப் போங்க. அங்கதான் புடிச்சதுன்னு சொல்லீருங்க. ஆத்துப் பக்கம் திரும்பீராதீங்க.”

“சரிங்க மொதலாளி,” என்றார் மேனேஜர்.

காரில் முன்னால் அவர், பின்னால் ஆடிட்டரும் நானும். பல்லடம் சாலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்து, “குண்டடந்தானுங்களே?” என்றான். “மங்கலத்துக்கு உடப்பா,” என்றார் மேனேஜர். அவருக்குப் பெண் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இந்த வேலையை விட்டால் வேறு இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

“சார், மொதலாளி சொன்னாங்களே,” என்றேன்.

“சொன்னாருங் கண்ணு. ஒரு பொய்யிக்கே அந்த மீனு வாயத் தொறந்து காட்டிக் குடுத்துருச்சு. இன்னொண்ணச் சொன்னா குண்டடத்து மீனு என்ன பண்ணுமோ, ஆரு கண்டா.”

திரும்பிப் பார்க்காமல் சொன்னார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், ஆனால் பின்கழுத்து வியர்த்திருந்தது. ஆடிட்டர் என்ன என்பது போல என்னைப் பார்த்தார். பாதை பற்றிப் பேசுகிறோம் என்றேன்.

தடுப்பணையில் நுரை ஒதுங்கிக் கிடந்தது. தண்ணீர், ஆறிப்போன டீயின் நிறம். நாற்றத்தை நான் பிறந்ததிலிருந்து அறிவேன், அதனால் அது எனக்குத் தெரிவதில்லை. அன்று ஆடிட்டரின் மூக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மேனேஜர் மைதா மாவை உருட்டி முள்ளில் கோத்துக் கொடுத்தார். தக்கை நுரைக்கு நடுவே நின்றது, ஆடியது, படுத்தது. சிவப்பு தெரிந்ததும் “இழுங்க, இழுங்க” என்று மேனேஜர் தமிழில் கத்தினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

உள்ளங்கை அளவு ஜிலேபி. வால் ஓரம் அரித்திருந்தது, வயிற்றில் புண். ஆடிட்டர் அதைத் தொடுவதற்கு முன் குனிந்து, இரண்டு கைகளையும் ஆற்றில் நனைத்துக்கொண்டார். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல் உள்ள வழுவழுப்பு போய்விடும், அதற்கு நோய் வரும் என்றார். நனைந்த கைகளில் மீனை ஏந்தி முள்ளை எடுத்தார். எடுத்து முடிப்பதற்குள் டிரைவர் காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். நான்தான் கண் காட்டியிருந்தேன். மீனுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று அவர் எங்கள் ஆற்றில் கை நனைத்தார். எங்கள் ஆற்றால் அவருக்குக் கெடுதல் வரக் கூடாது என்று நாங்கள் கடைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நின்றோம். மேனேஜர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு நுரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மீனை இங்கேயே விடட்டுமா, உங்கள் தொட்டிக்குக் கொண்டு போகட்டுமா, எது அதற்கு நல்லது என்று ஆடிட்டர் கேட்டார். “நீ சொல்லு கண்ணு,” என்றார் மேனேஜர், திரும்பாமலே. இங்கே இந்தப் புண்ணோடு கொஞ்ச காலம் இருக்கும், அங்கே சுத்தமான நீரில் செத்துப்போகும் என்று ஏன் எதற்கு என்பதோடு சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். மீனை நீருக்குள் தாழ்த்தி, அது தானாக நழுவும் வரை கையை எடுக்காமல் இருந்தார். நிமிர்ந்து, ஆற்றைக் காட்டி, பிறகு தன் சட்டையை இரண்டு விரலால் பிடித்து, “அதில் எவ்வளவு இதனால்?” என்று கேட்டார்.

நான் நான்கு காரணங்கள் சொன்னேன். பழைய காலத்தில் விட்ட சாயக் கழிவின் உப்பு மண்ணில் இறங்கியிருப்பது. அனுமதி இல்லாமல் ஒளிந்து நடத்துகிற பட்டறைகள். ஊரின் சாக்கடை. மழை குறைந்து ஓட்டம் நின்றது. நான்கும் சரி, வரிசையும் சரி. நான்கிலும் ‘நாங்கள்’ என்ற சொல் இல்லை. என் கல்லூரிக் கட்டணம் எந்தக் காலத்துப் பனியனில் இருந்து வந்தது என்பதும் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று எனக்கே கேட்டது. மேனேஜர் ஆங்கிலம் அதிகம் அறியாதவர். அவர் மட்டும், “நாங்க பண்ணுனதுங்க,” என்றார் ஆடிட்டரைப் பார்த்து. ஆடிட்டர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஆடிட்டில் நீர் தேறியது. மீனை ஆதாரமாகக் காட்ட வேண்டாம் என்று மட்டும் ஆடிட்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆர்டரும் போகவில்லை. முதலாளி மேனேஜரை அறைக்குக் கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “ஒடம்பப் பாத்துக்கங்க. இனி ஊட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க,” என்றார். நானும் அங்கே இருந்தேன். இந்த ஊரில் வேலையை விட்டு அனுப்புவதைக்கூட அவ்வளவு மரியாதையாகச் செய்வார்கள். கேட்கிறவருக்கு எழுந்து போவதைத் தவிர வேறு வழி இருக்காது. மீனைப் பிடித்ததற்காக அல்ல, குண்டடத்துக்குத் திரும்பாததற்காக. மேனேஜர் டீயை முழுதும் குடித்துவிட்டு, “சரிங்க மொதலாளி,” என்றார். காரில் ஏறும் முன் சொன்ன அதே குரல்தான்.

அவர் இப்போது நல்லூரில் தன் வீட்டு முன்னறையில், மனைவியோடு சேர்ந்து பனியன்களுக்குப் பிசிறு வெட்டுகிறார். ஒருமுறை போனேன். அந்த அம்மாள் என்னிடம், “உங்க சாரு மீன் புடிச்ச கையி, நூலு ஒழுங்கா வெட்டத் தெரியல பாருங்க,” என்று கேலி செய்தார். அவர் கத்தரியைக் கீழே வைக்காமலே, “மீனுங்க இருக்குதா கண்ணு?” என்று கேட்டார். இருக்கு சார் என்றேன். “சாவறதில்லியா?” இல்லை சார் என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதைய நிலை இது. மேனேஜர் வேலையையும் நான் பார்க்கிறேன். அவர் நாற்காலியில்தான் உட்கார்கிறேன். ஆடிட்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொட்டி அதே இடத்தில் இருக்கிறது. அதில் கடையில் வாங்கிய வண்ண மீன்கள் இருக்கின்றன. இவ்வளவு இயந்திரம் வைத்து உப்பை எடுத்த நீரில், அவை பிழைப்பதற்காக நான் அளந்து உப்பும் சுண்ணாம்பும் கலக்கிறேன். தடுப்பணையில் நுரை அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் தொட்டியைப் படம் எடுத்துப் போகிறார்கள். மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.