மீன்பெட்டி ஐஸில் வந்த பதில்

ஆண்டவருக்குள் என் கூடப்பிறந்தவர்களே, கட்டிலோடு என் கதை முடிந்தது என்று கிடந்தவள் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்.

போன மாசியில் மரக்காணம் உப்பளத்தில், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தேன். சேற்றில் இடது கால் முன்னால் சறுக்கியது. முட்டி மடங்கவில்லை, உடம்பு மட்டும் முன்னால் குனிந்தது. கூடையைப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். போடவில்லை. என் கூடை விழுந்ததாக அளத்தில் ஒருவரும் சொன்னது கிடையாது. பின்தொடையில் படக்கென்று ஏதோ அறுந்தது. அதற்குப் பிறகும் கூடையைப் பிடித்துக்கொண்டேதான் சாய்ந்தேன்.

மருமகள் ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "உப்புலயே பொறந்து வளந்தவ நான். எனக்குத் தெரியாத வைத்தியமா?" என்று சொல்லிவிட்டேன். எங்கள் அளத்து உப்பையே வறுத்து, துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். சூடு ஆற ஆற மறுபடியும் வறுக்கச் சொன்னேன். எண்ணெய் போட்டு அழுத்தி உருவச் சொன்னேன். எல்லா வலிக்கும் எங்களுக்கு அதுதான். கால் வீங்கியது. தொடையிலிருந்து முட்டிக்குப் பின்னால் வரை கத்திரிக்காய் நிறத்தில் கருத்தது.

பிறகு நான் பட்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்தால் உட்காரும் எலும்பில் குத்தும். காலை நீட்ட முடியாது. ஒன்றுக்கு இரண்டுக்குக் கட்டிலிலேயே ஸ்டெல்லா பேசின் வைத்து எடுத்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வாய்த் தண்ணீர்கூட அவளிடம் கேட்டு வாங்காதவள் நான். முழங்கால் போட முடியாமல், படுத்தபடியே ஜெபித்தேன். நடக்க வையும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும். இரண்டும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் என்னை மறந்தே போனார் என்று நம்பினேன். சாவு வந்தால் நல்லது என்று அதற்கும் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

கடைசியில் ஒரு காலையில், "யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன். உதவிக்கு ஆள் கேட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு மீன் விற்கிற எல்லம்மா வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கால் இப்படிக் கருத்துக் கெடக்குது. நீ இன்னும் உப்பு வறுத்துக்கினு இருக்கியா? எம் புள்ளைக்குக் கபடியில இதேதான் ஆச்சு. ஆஸ்பத்திரியில சூடே வெக்கக் கூடாதுன்னாங்க. வா, ஆட்டோல போலாம்."

"நான் ஆட்டோல ஏற மாட்டேன். தூக்கினு போறத நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கட்டுமே. மீனுகூட இவ்ளோ துள்ளாதுக்கா."

அவளும் ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் என் தொடையைத் தொட்டுக் காட்டினாள். "ஆயா, உக்கார்ற எலும்புலேர்ந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் கயிறு மாதிரி தசை ஓடுது. முட்டிய மடக்குறது இதுதான். குனிஞ்சா உங்கள நிமித்துறதும் இதுதான். முழுசா அறுந்து போகல. பொறுமையா இருந்தா சேரும்."

என்னை நிமிர்த்தி வைத்திருந்தது என் ரோஷம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

உருவக் கூடாது, சூடு கூடாது, வலித்தால் துணியில் சுற்றி ஐஸ் வைக்க வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. எல்லம்மா மீன்பெட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தாள். ஸ்டெல்லா அதை வைத்துவிட்டு, "அத்தை, பூனை வந்து உங்களத் தூக்கினு போகப் போகுது" என்றாள். அந்தக் கட்டிலில் நான் சிரித்தது அன்றுதான்.

வலி குறைந்ததும் குப்புறப் படுத்துக் குதிகாலைத் தூக்கச் சொன்னார்கள். வராது. பாயில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுவேன். ஸ்டெல்லா கையால் தூக்கிவிடுவாள். ஒரு நாள் அவள் கையை எடுத்த பிறகும் குதிகால் மேலேயே நின்றது. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது.

இப்போது நடக்கிறேன், மெதுவாக. இனிமேல் கூடை தூக்க முடியாது. கோயிலில் நீங்கள் முழங்கால் போடும்போது நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறேன். எழுந்திருக்க மருமகள் கையைக் கேட்கிறேன். கேட்க வருகிறது. அதற்கே அவருக்கு நன்றி.

கால் சறுக்கும்போதும் கூடையை விடாமல் பிடித்திருக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். போட்டுவிடுங்கள். உப்பை மறுபடியும் வாரிக்கொள்ளலாம். அவரைக் கூப்பிடுங்கள், அவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறந்துவிடுங்கள்.