பாலைவனத்தில் ஓர் அஜக்ஸ் அன்ரி

அமெரிக்காவின் யூட்டா மாநிலம். சிவப்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு பெற்றோல் நிலையம். மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வாடகைக்கு எடுத்த வான் ஒன்றிலிருந்து இறங்கிய ஓர் அன்ரி நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை தமிழோ?"

"ஓம் அன்ரி. ரொறன்ரோ."

"நாங்கள் உங்களுக்குப் பக்கத்து ஊர், அஜக்ஸ். நீர் ஆரின்ரை மகள்?"

மூன்றே கேள்விகளில், அவர் அம்மாவோடு யாழ்ப்பாணத்தில் படித்தவர் என்று தெரிந்துவிட்டது.

"உந்த மோட்டார் சைக்கிளிலயோ தனிய வந்தனீர்? அம்மாவுக்குத் தெரியுமோ?"

தெரியாது. தோழிகளோடு காரில் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அன்ரி போனை எடுத்தார்.

"பொறுங்கோ அன்ரி. நானே சொல்லுறன்."

பாறையும் சைக்கிளும் நானும் தெரிய அவரையே படமெடுக்க வைத்து, எடுத்தது யார் என்றும் எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"உந்தச் சைக்கிளை அங்கயே வித்துப்போட்டு பிளேனில வா."

"இல்லையம்மா. மேற்கில கடலைக் காணுமட்டும் சைக்கிள் ஓடுவன். பொய் சொன்னது பிழை. ஓடுறது பிழையில்லை."



"போனை அவவிட்டைக் குடு."

கொடுத்தேன்.

"ஓமடி, ஹெல்மெட் வைச்சிருக்கிறாள். கையுறையும் போட்டிருக்கிறாள். இல்லையடி, திரும்பமாட்டாள் போல கிடக்கு."

நாற்பது நிமிடம் கழித்துத்தான் போன் கைக்கு வந்தது. இப்போது மேற்கே புறப்படுகிறேன்.

வீட்டில் சொல்லாமல் பயணம் போயிருப்பவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் அன்ரி எந்த ஊரில் வந்து இறங்கினார்?