சூர்யகலா தட்டிய சுவர்

சாவியின் தலையால் கதவில் மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருப்பாள். உள்ளே யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போன வாரம் அந்த வீட்டைப் பூட்டியவளே அவள்தான். இருந்தாலும் நான்கைந்து மூச்சு நேரம் நிற்பாள். பிறகு, "நான்தான், சூர்யகலா. தண்ணி ஊத்திட்டுப் போயிடறேன்" என்று கதவிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள்.

ஆரணியில் வேலூர்ச் சாலையை ஒட்டி நிற்கும் அந்த நான்கு மாடி அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகள். அவற்றில் ஒன்பது, வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கின்றன. வாங்கிப்போட்டவர்கள் பெங்களூரிலும் ஒரகடத்திலும் குவைத்திலும் இருக்கிறார்கள். அந்த ஒன்பது சாவியும் சூர்யகலாவின் இடுப்பில் ஒரே வளையத்தில் தொங்குகின்றன. குடியிருப்போர் சங்கம் அவளுக்குக் கொடுத்த பெயர் மேனேஜர். மோட்டார் போடுவது, லிஃப்ட் ரிப்பேர்காரனை விரட்டுவது, கார் நிறுத்தும் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் அவளுக்குப் பிடித்த வேலை பூட்டிய வீடுகளைச் சுற்றி வருவதுதான். ஜன்னலைத் திறப்பாள். ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவாள். அது காய்ந்துபோனால் கரப்பானும் நாற்றமும் மேலே ஏறிவிடும்.

அந்த வீடுகளில் அவள் உட்காருவதில்லை. கண்ணாடி பார்ப்பதில்லை. சுவரில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதிக் காலண்டர் தொங்கினாலும் ஒரு தாளைக் கிழிக்க மாட்டாள். கேட்டால், "அது அவங்க நாளு. நாம கிழிக்கலாமா?" என்பாள்.

நாற்பத்தெட்டு வயது. பெரணமல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தாள். தட்டாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது அங்கே படிந்த பழக்கம். காதும் அங்கே கூர்மையானதுதான். எந்த வீட்டில் ஃப்ளஷ் கசிகிறது, எந்த வீட்டில் குழாயைச் சரியாக மூடவில்லை என்பதெல்லாம் படிக்கட்டில் ஏறும்போதே சொல்லிவிடுவாள். லிஃப்டில் மட்டும் ஏற மாட்டாள். "உள்ள போய் நின்னா ஒரு சத்தமும் கேக்காதுங்க" என்பாள். அடுக்ககத்துக்குப் பின்தெரு முழுக்க விசைத்தறிகள். காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போதும், கரண்ட் போகும்போதும்தான் கட்டடம் பேச ஆரம்பிக்கும் என்பது அவள் கணக்கு.

போன ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, 202-இல் தனியாக இருக்கும் பொன்னம்மாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அறுபத்தொன்பது வயது, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாத மனுஷி. அன்றைக்குக் குரல் சற்றே இறங்கியிருந்தது. மேல் வீட்டிலிருந்து யாரோ தட்டுகிறார்கள், மூன்று மூன்றாகத் தட்டுகிறார்கள் என்றார்.

மேல் வீடு 302. பூட்டிய ஒன்பதில் ஒன்று. அதன் சொந்தக்காரன் ஜெயக்குமார் குவைத்தில் இருக்கிறான். அவன் மனைவி அன்புச்செல்வி இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டில்தான் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது பூட்டிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. அவளுடைய சீப்பு இன்னும் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது. அதில் சுற்றிய முடியும் அப்படியே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சூர்யகலா போய்ப் பார்த்தாள். தரையில் தூசி. தூசியில் போன வாரம் அவள் நடந்த தடம் மட்டும்தான். குழாய்கள் இறுக்கமாக இருந்தன. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒன்றுமில்லை என்று கீழே வந்து சொன்னாள். பொன்னம்மாள் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. மறுநாள் மாலை வாட்ச்மேன் பார்த்திபனிடம், விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு வெம்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகப்போவதாகவும், வர பத்து நாள் ஆகும் என்றும் சொன்னார். பாலை நிறுத்தச் சொன்னார். மகளுக்குச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் அவருக்கு இல்லை, திடீரென்று போய் நிற்பதுதான் பிடிக்கும். படிக்கட்டில் சூர்யகலாவைப் பார்த்தபோது மட்டும் காரணத்தைச் சொன்னார்.

"அது தட்டிகினேதான் கீது சூர்யா. எனக்குத் தூக்கமே வரல."

வியாழக்கிழமை மதியம் தறிகள் சாப்பாட்டுக்கு நின்றன. சூர்யகலா அந்த நேரம் பார்த்து 302-க்குள் நுழைந்தாள். குளியலறையில் குவளையைக் கையில் எடுத்தபோது அவளுக்கே கேட்டது. டங், டங், டங். சுவருக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. நின்றது. மறுபடியும் மூன்று.

குவளையைப் போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றியது. இருந்தாலும் வார்டனாக இருந்தவள். சாவிக்கொத்தை எடுத்துச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினாள்.

பதில் வந்தது. மூன்று.

இரண்டு தட்டினாள். இரண்டே இரண்டு வந்தது.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அவசரப்பட ஆரம்பித்தது. எண்ணிக்கை இல்லாமல், இடைவெளி இல்லாமல், விழுந்து விழுந்து தட்டியது. சூர்யகலாவின் கண் அந்தச் சீப்பின் மேல் போனது. "அன்பு, நான் ஒண்ணும் பண்ணலம்மா, நீ இரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கியவள், கீழ்த்தளத்துக்கு வந்த பிறகுதான் செருப்பை மேலேயே விட்டுவிட்டதைக் கவனித்தாள். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன.

சங்கத்தின் பிரசிடென்ட் தணிகாசலம், பட்டுப்புடவை வியாபாரி. பூட்டிய வீட்டில் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று மட்டும் சூர்யகலா பார்த்திபனிடம் சொன்னது வாட்ஸ்அப் குழுவில் ஒரு மணி நேரத்தில் பரவிவிட்டதால் அவருக்குப் பெரிய பேஜாராகிப் போனது. வீடு விலை போகாது, வாடகைக்கு ஆள் வராது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி, ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஹோமம் செய்துவிடுவது என்றும், அதுவரை 302-ஐ யாரும் திறக்கக் கூடாது என்றும் முடிவு செய்தது. சூர்யகலாவும் தலையாட்டினாள். தான் தட்டியதையும் பதில் வந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று தறி நின்ற நேரத்தில் மாடிக்குப் போகாமல் மோட்டார் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பின்தெருவில் ஒரு தறி இல்லை, வீடுகளில் ஃபேன் இல்லை, டிவி இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவள் ஏறியாக வேண்டியிருந்தது. மூன்றாம் மாடியில் 302-இன் வாசலைக் கடக்கும்போது கால் தானாக நின்றது. வியாழக்கிழமை விட்டுப்போன செருப்பு ஜோடியாக அங்கேயே கிடந்தது.

டங். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று, சுவரை உரசினாற்போல. மூன்றாவது வரவே இல்லை.

வியாழக்கிழமை கேட்டது இப்படி இல்லை. அன்று அதில் பலம் இருந்தது. இது தட்டுவதற்காகக் கையைத் தூக்கி, தூக்க முடியாமல் கீழே வைத்துவிடும் சத்தம். சூர்யகலா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னாள். செத்துப்போனவளுக்குக் கை ஏன் சோர்ந்துபோக வேண்டும்? அந்தக் கேள்வி வந்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. அதைவிட மோசமான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கமிட்டியின் தடையை மீறி 302-ஐத் திறந்தாள். இந்த முறை கதவைத் தட்டவில்லை. குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து, தண்ணீர் போகும் துளையில் காதை வைத்தாள். சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. குழாய் வழியாகக் கீழேயிருந்து வந்தது.

202-இன் கதவு, இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். குடியிருக்கும் வீடு என்பதால் அதன் சாவி அவளிடம் இல்லை. தணிகாசலத்துக்குப் போன் போட்டாள். சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் கதவை உடைப்பது சங்கத்தின் விதிக்கு விரோதம், மகளைக் கூப்பிட்டுக் கேட்போம், அந்தம்மா ஊரிலேயே இல்லையே என்று அவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். சூர்யகலா போனைப் படிக்கட்டில் வைத்துவிட்டாள். அவர் குரல் அங்கே தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

"பார்த்திபா, கடப்பாரையை எடுத்துகினு வா. ஜல்தி."

பொன்னம்மாள் குளியலறையில் ஒருக்களித்துக் கிடந்தார். முதல் பஸ்ஸுக்குப் போக வியாழக்கிழமை விடியற்காலை குளிக்க வந்தவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அசைய முடியாமல் இரண்டு பகலும் இரண்டு இரவும் அங்கேயே கிடந்திருக்கிறார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எட்டும் தூரத்தில் இருந்த வாளித் தண்ணீர்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. கையில் எவர்சில்வர் சொம்பு இருந்தது. அதன் விளிம்பு குழாயில் மோதி மோதி நசுங்கியிருந்தது. வழிக்காக எடுத்து வைத்த பை கூடத்தில் நாற்காலி மேல் இருந்தது.

சூர்யகலா அவர் மேல் ஒரு புடவையைப் போர்த்தி, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேலூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரும்வரை பொன்னம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது திறந்து, நேராக அவள் முகத்தைப் பார்த்தார். காற்று மட்டும் வந்த குரலில் சொன்னார்.

"நீதானே தட்டின. நான் பதிலுக்குத் தட்டினேன். அப்புறம் போயிட்ட."

ஞாயிற்றுக்கிழமை ஹோமம் நடந்தது. சாமான் எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று நடத்தினார்கள். அடுத்த கூட்டத்தில் சூர்யகலாவுக்குப் பொன்னாடை போர்த்த தணிகாசலமே எழுந்தார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமையே தனக்குக் கேட்டது, தட்டிப் பார்த்தேன், பதில் வந்தது, பேய் என்று பயந்து பூட்டிக்கொண்டு ஓடிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி என்றாள். பொன்னாடையைத் தணிகாசலம் மடித்துத் தன் நாற்காலியிலேயே வைத்துக்கொண்டார்.

இரண்டரை மாதம் கழித்துப் பொன்னம்மாள் வாக்கரோடு திரும்பி வந்தார். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சியும் இங்கேதான் இருப்பேன் என்றுவிட்டார். இப்போது தினமும் காலையில் சூர்யகலா அங்கே போகிறாள். டீ போட்டுக் கொடுக்கிறாள், குளிக்கும்போது வாசலில் நிற்கிறாள். மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ஒருநாள் சூர்யகலா மட்டும் மெல்ல ஆரம்பித்தாள். வியாழக்கிழமையிலிருந்து தட்டியது நீங்கள், சரி. திங்கட்கிழமை நீங்கள் கேட்டது என்ன? பிளம்பரை வைத்து இரண்டு வீட்டிலும் பார்த்தாயிற்று, ஒரு குழாய்கூட ஆடவில்லையே என்றாள்.

பொன்னம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கணக்குப் போடுகிற மாதிரி யோசித்துவிட்டுப் பேசினார்.

"ஆஸ்பத்திரில படுத்துகினு அதத்தான் யோசிச்சேன். இடுப்பு ஒடஞ்சி சொம்பால தட்டினேன் பாரு, அப்பவே புரிஞ்சிபோச்சு. அதே சத்தம் சூர்யா. அதே மாதிரி மூணு, அப்புறம் ஓய்வு, அப்புறம் மூணு. திங்கக்கெழம நான் கேட்டது நான் தட்டினதுதான்."

சூர்யகலா அதற்கு என்ன சொன்னாள் என்று கேட்டால், "இன்னா சொல்றது? இன்னொரு டம்ளர் டீ ஊத்தினேன்" என்கிறாள்.

அதற்குப் பிறகு அடுக்ககத்தில் விதி மாறியிருக்கிறது. தனியாக இருப்பவர்கள் எல்லாரும் ஒரு சாவியைச் சூர்யகலாவிடம் கொடுத்தாக வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு அவள் ஏழு வீடுகளுக்குப் போன் செய்வாள். எடுக்காவிட்டால் ஐந்தாவது நிமிஷம் வாசலில் நிற்பாள். வளையம் கனத்துப்போய், நடக்கும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்கிறாள்.

போன மாதக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, தறிகளுக்கு விடுமுறை. இருபது பேருக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு பொன்னம்மாளும் இருந்தார். லிஃப்டை மாற்றுவதா, ரிப்பேர் செய்வதா என்று சத்தம் ஏறிக்கொண்டே போனது. தணிகாசலம் மேஜையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் தூணை ஒட்டி நின்ற சூர்யகலா, எதையோ கேட்ட மாதிரி, வலது கையை மெல்ல உயர்த்தினாள்.

தணிகாசலம் பாதி வார்த்தையில் நிறுத்தினார். நாற்காலிகள் ஓய்ந்தன. குழந்தை வைத்திருந்த ஒருத்தி அதன் வாயைப் பொத்தினாள். சூர்யகலா கண்ணை மூடி, தூணில் காதை வைத்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கையை இறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அவள் கையும் இறங்கவில்லை.