சத்தியம் செய்யாத இருவர்

லண்டன் டூட்டிங்கில் எங்கள் பலசரக்குக் கடையை நானும் மன்னாரிலிருந்து வந்த என் முஸ்லிம் நண்பனும் கூட்டாக நடத்தினோம். எண்பதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம், குழாய் வெடித்து, நிலக்கீழ் அறையிலிருந்த அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய் எல்லாம் நாசமாகிவிட்டன.

காப்புறுதி இருந்தது. வட்டி கலந்தது வேண்டாம் என்று நண்பன் அடம்பிடித்து எடுத்த இஸ்லாமியக் காப்புறுதி. சேர்ந்தவர்கள் எல்லோரும் பொதுநிதியில் பணம் போட்டு, இடர் வந்தவருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். தகாஃபுல் என்று பெயர். நல்ல விசயம்தான். ஆனால் நாங்கள் கேட்டபோது கையை விரித்தார்கள். ஒப்பந்தத்தில் 'கடைச் சரக்கு' என்று மட்டும் இருந்தது. நிலக்கீழ் அறை அதில் சேராது என்று, கடைக்கு வந்து கையெழுத்து வாங்கிய முகவர் அப்போதே நண்பனிடம் வாயால் சொன்னாராம். தன் காதில் விழவில்லை என்றான் நண்பன். பணம் வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். "உன்ர புண்ணியத்தில நடுத்தெருவில நிக்கப்போறம்" என்று நான் அவனை ஏசாத நாள் இல்லை.

பிணக்கு வந்தால், கோர்ட்டுக்குப் போகமுன் இரு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரு மௌலவியிடம் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். இல்ஃபோர்டில் ஒரு மாடி அறையில் கூடினோம். மௌலவி இலங்கைக்காரர். முகவர் தமிழ்நாட்டுக்காரர், பார்த்தால் சாதுவான மனுசன். கையெழுத்துப் போட்ட நாள் நான் கடையில் இல்லை; வேறு சாட்சியும் இல்லை.

மௌலவி நண்பனைப் பார்த்தார். "அவர் சொல்லேல்லை எண்டு அல்லாஹ்மேல சத்தியம் பண்ணுவீங்களா? பண்ணினா காசு உங்களுக்கு."

ஒரே ஒரு வார்த்தை! மேசைக்குக் கீழே அவன் தொடையைக் கிள்ளினேன்.

"ஏலாது ஹஸ்ரத்" என்றான். "அண்டைக்குக் கடையில சனம். அவர் சொல்லியும் எனக்குக் கேக்காமப் போயிருக்கலாம்."

இவன் மறுத்தால் சத்தியம் அந்தப் பக்கம் போகுமாம். முகவர் செய்தால் எங்கள் கதை முடிந்தது. அவர் குனிந்த தலை நிமிராமலே சொன்னார்.

"எல்லார்கிட்டயும் சொல்வேன். இவர்கிட்டயும் சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். ஆனா சத்தியம் பண்ண முடியாதுங்க. ஞாபகமில்ல."

எழுத்தில் அந்த அறையை விலக்கவில்லை, வாயால் சொன்னதற்கும் ஆதாரமில்லை, காசைக் கொடுங்கள் என்று மௌலவி முடித்தார். நான் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். முகவரும் பெருமூச்சு விட்டார். அவருக்கும் பாரம் இறங்கியிருக்க வேண்டும்.

திரும்பும்போது ரெயினில் கேட்டேன். "அந்தாள் சத்தியம் பண்ணியிருந்தா?"

"கடையைப் பூட்டியிருப்பம்" என்றான், மிளகாய்க்கு விலை சொல்கிற மாதிரி.

கோபம் வரவில்லை. கூட்டுக்கு ஆள் தேடியபோது அவன் உழைப்பானா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். எப்படிப்பட்டவனை நம்பி என் முதலைப் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது.