எந்தக் கை முதலில்

குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே நாற்பத்தொரு வருடம் இருந்தும் நான் அருவியில் குளித்ததில்லை. சீசன் சமயத்தில் சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்கள் குளித்துவிட்டு வரும்வரை துண்டுகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வலிப்பு வருகிறவளைத் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். அந்தக் காவல் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அம்மா போன பிறகு தென்காசி வீட்டில் நான் மட்டும்தான். வலிப்புக்கு முன்னால் வயிற்றிலிருந்து என்னமோ ஒன்று மேலேறும். உடனே கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வேன். எவரும் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்கிற வீம்பு. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆஸ்பத்திரியில் அந்த வீம்பு மாட்டிக்கொண்டது.

"வலிப்பு வர்றப்போ எந்தக் கை முதல்ல முறுக்கும்? கூட இருந்து பார்த்தவங்க யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். பார்த்தது அம்மா மட்டும்தான் என்றேன்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்னுடையது. மூளையில் எந்த இடத்தில் அது கிளம்புகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. அதற்காகத் தலை முழுக்க வயர்களை ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, கேமராவுக்கு முன்னால் படுக்கவைத்தார்கள். வரக்கூடாது என்று இத்தனை வருடம் வேண்டிய சாமிகளிடமே இப்போது வரவேண்டும் என்று வேண்டினேன். அவர்களுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

துணைக்கு அண்ணன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வலிப்பு வந்தால் பொத்தானை அமுக்கிவிட்டு விலகி நிற்க வேண்டும், கையைப் பிடிக்கக்கூடாது, கேமராவை மறைக்கக்கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். நன்றாகத்தான் தலையாட்டினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. எனக்கு நினைவு திரும்பியபோது இடது உள்ளங்கையில் அண்ணனுடைய சாவிக்கொத்து அழுந்திக் கிடந்தது. எங்கள் ஊரில் யாருக்கு இழுத்தாலும் முதலில் இரும்பைத் தேடிக் கையில் திணிப்பார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனும் அதைத்தான் தேடியிருக்கிறான். மூளையின் கோடுகள் பதிவாகிவிட்டன. வீடியோவில் அவன் முதுகுதான் இருந்தது.

"இன்னொரு தடவை வரணும்," என்றார் டாக்டரம்மா. கோடு காட்டுகிற இடமும் கை காட்டுகிற இடமும் ஒத்துப்போக வேண்டுமாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீ படிச்சவந்தானே? ஒரு கையப் பாக்கதுக்குத்தானே இத்தன நாளா கெடக்கேன்," என்றேன்.

"சும்மா நின்னு பாக்க முடியலட்டி," என்றான். அதற்குமேல் என்ன திட்டுவது.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மூளையின் வலது பக்கத்தில்தான் கிளம்புகிறது, இடது கையை ஆட்டிவைப்பது அந்தப் பக்கம்தான், கோடும் கையும் ஒன்றையே சொல்கின்றன, இனி ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார். நான் வீடியோவைப் பார்க்கக் கேட்டேன். என் வலிப்பை அதுவரை நான் பார்த்ததில்லை.

திரையில் என் இடது கை முறுக்கிக்கொண்டு நின்றது. வலது கை மட்டும் படுக்கை விரிப்பைத் தடவித் தடவிப் போனது. ஓரம்வரை போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்து, மறுபடியும் தடவியது. நர்ஸ் வந்து சேரும்வரை அண்ணன் சுவரோரமாக, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தான்.

"இந்தக் கை என்ன தேடுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தேடலை. வலிப்புல கை அப்படித்தான் போகும். நமக்கு அது நல்ல அடையாளம்."

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு என்மேல் இரக்கம் வந்தது அன்றைக்குத்தான். யாரும் வேண்டாம் என்று இத்தனை வருடமாக வாய் சொல்லிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.